மெத்தை வைத்த அட்டை வீடு

நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும் சேர்ந்த எங்கள் டவுன்ஷிப்பில் யார் வீட்டுக்குப் போனாலும் பாத்ரூம் எங்கே என்று கேட்கத் தேவையில்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ். பிளாக் மாறும், வாசலில் நிற்கும் மரம் மாறும். உள்ளே சுவிட்ச் போர்டு அதே இடத்தில்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் பிறத்தியார் வீட்டு விளக்கையும் போட்டுவிடுவேன். 2012-இல் ஊர் உலகமெல்லாம் மின்வெட்டில் வெந்துகொண்டிருந்தபோது எங்களுக்குக் கரண்ட் போவது என்றால் டியூப்லைட் ஒரு தரம் கண் சிமிட்டுவது, அவ்வளவுதான். அதற்கே அம்மா கம்ப்ளெயின்ட் சொல்ல போனைக் கையில் எடுத்துவிடுவாள். இதை இப்போது பெருமையாகச் சொல்லவில்லை. அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் நான் பதினொன்றாம் வகுப்பு. பிசிக்ஸ் மிஸ் ஒரு போட்டிக்கு ஆள் சேர்த்தார். ஏதோ ஓர் அறக்கட்டளை நடத்திய போட்டி. மாணவர்கள் ஒரு நிஜ வீட்டை அளந்து, அதே விகிதத்தில் சின்னதாக அட்டையில் செய்ய வேண்டும். அதன் கூரையில் சோலார் பேனல்களை எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எத்தனை வைப்பது என்று அந்த அட்டை வீட்டிலேயே காட்ட வேண்டும். ஜெயித்தால் கோப்பை கிடையாது. அந்த நிஜ வீட்டிலேயே பேனல் மாட்டித் தருவார்கள். ஒரே நிபந்தனை, அது சொந்த வீடாக இருக்க வேண்டும்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். ஒருத்தி கணக்கில் புலி. பரீட்சையில் தொண்ணூற்றெட்டு வாங்கினால் மீதி இரண்டு எங்கே போனது என்று மிஸ்ஸையே நிறுத்திக் கேட்பவள். இன்னொருத்தி டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் என் தோழி. அவளுடைய அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். எனக்கும் கணக்குக்காரிக்கும் அப்பாக்கள் பர்மனென்ட். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் ஊரில் இருந்த மரியாதையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கி மாளாது. கல்யாணப் பேச்சில் பையனுடைய பெயருக்கு முன்னால் அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் யாருடைய வீட்டைச் செய்வது என்று உட்கார்ந்து யோசித்தபோது அந்த மரியாதை உதவவில்லை. குவார்ட்டர்ஸ் எங்களுடையது இல்லை. அப்பா ரிட்டயர் ஆகிற அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நானும் கணக்குக்காரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பர்மனென்ட் அப்பாக்கள் இரண்டு பேர், தலைக்கு மேலே சொந்தமாக ஒரு சாண் கூரை இல்லை.

"எங்களுது சொந்த வூடுதாண்டி" என்றாள் தோழி. ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி அதைச் சொன்னாள்.

நாங்கள் குதித்தோம். அவள் மட்டும் குதிக்கவில்லை. ஏற்கெனவே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. அவளுடைய அப்பாவுக்கு அந்த வருஷம் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். விடிந்து வீட்டுக்கு வந்து படுப்பார். படுத்துக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போகும். வந்து மறுபடி போகும். வியர்வையில் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, சாயங்காலம் சிவந்த கண்ணோடு எழுந்து வேலைக்குப் போவார். போன மாதம் சைக்கிளில் போகும்போதே கண் அசந்து ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்து முழங்கையில் தையல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அங்கே சுரங்கத்துக்குள் அப்படிக் கண் அசந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவளுடைய பயம்.

"பகல்லதான கரண்டு போவுது. பகல்லதான வெயிலும் அடிக்குது. அந்த வெயில வெச்சே எங்கப்பாவுக்கு ஒரு ஃபேன் சுத்தினா போதும்டி" என்றாள்.

கணக்குக்காரி வாயைப் பிளந்தாள். "பெரிய பேட்டரிகூட வேண்டாம்டி! வெயில் இருக்கிறப்பதானே அவர் தூங்கறாரு!" மற்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பியிருப்பார்கள். எங்களுக்கு ஓர் ஆள் தூங்கினால் போதும். ஷிஃப்ட் ஊரில் பிறந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பகல் தூக்கம் என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்துவிட்டால் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்காது. அம்மா வெயிட்டைத் தூக்கித் தூக்கி விடுவாள். அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றிவிடுவாள். நாங்கள் குதிகாலைத் தரையில் வைக்காமல் நடப்போம், சண்டையைக்கூடக் கிசுகிசுப்பாகப் போடுவோம். டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே சத்தமில்லாமல் நடக்கவும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கமே பிற்பாடு எங்களுக்கு வினையாக முடிந்தது.

அளவெடுக்க ஒரு விடுமுறை நாளில் வடக்குத்துக்குப் போனோம். தெற்குப் பார்த்த வாசல். பனைமரச் சட்டங்களான பனங்கை போட்ட, மங்களூர் ஓடு வேய்ந்த சரிவுக் கூரை. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. சுவரில் மாதா படம், அதன் கீழே அணைந்துபோன சீரியல் பல்பு. நாங்கள் போனபோதும் கரண்ட் இல்லை. முன்னறையில் வெறுந்தரையில், ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு, அவளுடைய அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கம் என்று சொல்வதா? மூடிய இமைக்குள் விழி அசைந்துகொண்டே இருந்தது. அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

எங்களுக்கா சொல்ல வேண்டும்? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையைக் கணக்குக்காரி பிடிக்க, அது அவர் முகத்துக்கு மேலே போனபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சுவர்களை அளந்தோம். ஜன்னல்களை அளந்தோம். கிணற்றடியிலிருந்து வாசல் வரைக்கும் அளந்தோம். கூரையை மட்டும் அளக்கவில்லை. ஏணி வைத்து ஏறினால் ஓடு சத்தம் போடும், அவர் விழித்துக்கொள்வார். "அத அப்பறம் பாத்துக்கலாம்" என்று தோழி காதோடு சொன்னாள். தூங்குகிற மனிதரை எழுப்பாத நல்ல பிள்ளைகளாகத் திரும்பி வந்தோம். சோலார் பேனல் வைக்கப் போன இடத்தில் கூரையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அளந்த மேதைகள் எங்களைத் தவிர வேறு யாராவது இருக்க முடியுமா?

வீடு எங்கள் குவார்ட்டர்ஸில்தான் உருவானது. என் அப்பாவுக்கும் அந்த வாரம் நைட் ஷிஃப்ட் என்பதால் அதையும் கிசுகிசுப்பாகவே கட்டினோம். ஆணி கிடையாது, தட்டுவது கிடையாது, எல்லாம் ஃபெவிகால்தான். டி.வி. வந்த அட்டைப்பெட்டியை வெட்டிச் சுவர்கள். ஐஸ் குச்சியில் ஜன்னல் கம்பிகள். மேலே ஒட்டிய தாளை ஈரம் தடவி உரித்தால் அட்டையின் உள்ளே நெளிநெளியாக வரும் இல்லையா, அதற்குக் காவி நிறம் அடித்தபோது அசல் ஓட்டுக் கூரை மாதிரியே இருந்தது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். சட்டையெல்லாம் காவியாக, அதைத் தூக்கி வீட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். வடக்குத்து வீடு அப்படியே சுருங்கி எங்கள் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தோழி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் கூரையை மட்டும் மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது வேணாம்டி. மெத்தை வெச்சிடலாமா?"

எங்கள் பக்கத்தில் கான்கிரீட் தளம் போட்ட மொட்டை மாடியை மெத்தை என்பார்கள். மெத்தை வீடு என்றால் அந்தத் தெருவில் ஓர் அந்தஸ்து.

"ஏன்டி, நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"ஸ்கூல்ல எல்லாரும் பாப்பாங்க. கீழ எங்கப்பா பேரு எழுதுவாங்க. அடுத்த வருசம் மெத்தை போடறேன்னு அப்பா சொல்லிகினேதான் இருக்காரு. அவங்க பேனல் மாட்ட வர்றதுக்குள்ள போட்டுட மாட்டாரா?"

கணக்குக்காரிக்கு இது இன்னும் வசதி. சமதளம் என்றால் ஸ்டாண்டு வைத்துத் தனக்கு வேண்டிய சாய்வைக் கணக்குப் போட்டுக் காட்டலாம். பக்கம் பக்கமாகக் கணக்கு வரும். எனக்கோ, வீடு என்றால் மேலே தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண். அவள் கேட்டது ஒரு பொய் என்றே தோன்றவில்லை. ஒரு தோழியின் வீட்டை நாலு பேர் மெச்சும்படி காட்டுகிறோம், அதில் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தேன். பழைய கூரை குப்பைக்கூடைக்குப் போனது. தெர்மாகோலில் வெள்ளை வெளேரென்று ஒரு மெத்தை வந்தது, கைப்பிடிச் சுவரோடு. அதன்மேல் நீலத் தாள் ஒட்டிய பேனல்கள்.

டேபிள் லேம்ப்பைச் சூரியனாக்கி, ஹாலில் கிழக்கிலிருந்து மேற்காகத் தூக்கிக்கொண்டு நடப்பது என் வேலை. தண்ணீர் டேங்க்கைத் தெற்கே வைத்தால் மார்கழி வெயிலில் நிழல் பேனலின்மேல் விழுகிறது, வடக்கே தள்ளினால் விழவில்லை. அதைக் கண்டுபிடித்தபோது மூன்று பேரும் சத்தம் வராமல் கைதட்டினோம்.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஜன்னல் ஜன்னலாக உள்ளே பார்த்தார். தான் படுக்கிற முன்னறையை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். மெத்தையைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்னா பாப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எனுக்கு மெத்தை கட்டிக் குடுத்துட்டிங்க!"

எல்லோரும் சிரித்தோம். டேங்க் ஏன் அந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். நான் லேம்ப்பைத் தூக்கிக் காட்டினேன். இன்னொரு தரம் காட்டச் சொன்னார். நிழல் நகர்வதை அவர் பார்த்த அக்கறையை நான் அப்போது ஒரு பாராட்டாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் திட்டம் முதல் சுற்றில் தேறியது. வீட்டை நேரில் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று மிஸ் சொன்னபோது தோழியின் முகம் வெளுத்தது. அடுத்த வருஷ மெத்தை இன்னும் வந்திருக்கவில்லை. "வீட்டைப் பார்த்தா புரிஞ்சுப்பாங்கடி, தேவை இருக்குல்ல" என்று நாங்கள் தேற்றினோம். மிஸ்ஸிடம் போய் முன்கூட்டியே சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கும், வாய் வரவில்லை.

அவர்கள் வருகிற அன்று காலை, நைட் ஷிஃப்ட் முடித்து வந்த தோழியின் அப்பா படுக்கவே இல்லை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் தண்ணீர் தெளித்து, பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி வந்து வரிசையாகப் போட்டிருந்தார். அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் மிஸ்ஸோடு காரில் வந்து இறங்கினார்கள். அவர்களைக் கும்பிட்டுவிட்டு, அவர் கலர் சோடா வாங்கி வரக் கடைக்கு ஓடினார். அவர் தலை மறைந்ததும்தான் அவர்கள் கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இதுவா அந்த வீடு?" என்றார் ஒருவர். மிஸ் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

கேட்டவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இத்தனை வருஷம் இது மனசில் நின்றிருக்காது. தெருவுக்கு நடுவே போய் நின்று, கையை நெற்றிக்கு மறைவாக வைத்துக்கொண்டு, ஓட்டுச் சரிவை வெகுநேரம் பார்த்தார். "தெற்கு பார்த்த சரிவு. பனங்கை நல்லா திடமா இருக்கு. இந்தச் சரிவே போதும் மேடம், ஸ்டாண்டுகூட வேண்டாம், பேனலை இதுமேலயே படுக்க வெச்சிருக்கலாம். இருக்கிற வீட்டை இருக்கிற மாதிரியே செஞ்சிருந்தாங்கன்னா இதுக்குத்தான் கொடுத்திருப்போம்" என்றார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. இல்லாத மெத்தைக்குப் போட்ட திட்டத்தை ஏற்றுக்கொள்ள விதியில் இடமில்லை என்றார். போட்டியின் கடைசி நாளும் முடிந்துவிட்டது. மிஸ்ஸும் அவர்களோடே காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆறு கலர் பாட்டில்களை இரண்டு கையிலும் இடுக்கிக்கொண்டு அவளுடைய அப்பா வந்தபோது வாசலில் நாங்கள் மூன்று பேரும் காலி நாற்காலிகளும்தான் இருந்தோம்.

"பூட்டாங்களா? என்னா சொன்னாங்க?"

தோழி ஒரு காலி நாற்காலியை நகர்த்தி ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்: "மெத்தை இல்லன்னு சொல்லிட்டாங்கப்பா."

அது பொய் இல்லை. அவர்கள் சொன்னதில் முதல் பாதி அதுதான். மறுபாதியை அவளுக்குப் பதில் நான் சொல்லியிருக்கலாம். கணக்குக்காரி சொல்லியிருக்கலாம். சொன்னால், தன் வீட்டுக் கூரையைப் பார்த்து மகள் வெட்கப்பட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவளுடைய கண் எங்களைக் கெஞ்சியது. அவர் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். "செரி, அதனால என்னா. போட்டுடலாம்" என்றார். பாட்டில்களை உடைத்து எங்களிடம் நீட்டினார். கலரைக் குடித்துவிட்டு நானும் கணக்குக்காரியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

பிறகு வாழ்க்கை எப்போதும் போலப் போனது. நான் கல்லூரிக்குச் சென்னை போனேன். அப்பா ரிட்டயர் ஆகி, சாவியைக் கொடுத்துவிட்டு, அம்மாவோடு கடலூரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார். கணக்குக்காரி எங்கோ வடக்கே படித்து அங்கேயே தங்கிவிட்டாள். தோழி நர்ஸிங் முடித்துப் புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்தாள். போனில் எதையெதையோ பேசுவோம், அந்த வீட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டோம். 2018-இல் ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "அப்பா மெத்தை போட்டுட்டாருடி. ஃபாதர் வந்து ஜெபம் பண்ணி மந்திரிக்கிறாரு. வருவியா?"

ஓடு போயிருந்தது. அந்த இடத்தில் தட்டையான கான்கிரீட் தளம், கைப்பிடிச் சுவர், வெளிப்புறமாக ஏறும் படிக்கட்டு. நாங்கள் தெர்மாகோலில் செய்த அதே வடிவம். உள்ளே விருந்து நடந்துகொண்டிருந்தது. வெயில் நேரம், தளத்தின் சூடு அப்படியே தலையில் இறங்கியது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மின்வெட்டெல்லாம் அதற்குள் பழங்கதையாகிவிட்டது. "ஓடா இருந்தப்ப இவ்ளோ அனலு இல்ல" என்று அவளுடைய அம்மா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "பகல்ல படுக்கவே முடியல அவரால. ஆனா யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு."

சமையல்கட்டில் வைத்துத் தோழியிடம் கேட்டேன். "அன்னிக்கு நடந்ததை அப்பாகிட்ட நீ சொல்லவே இல்லையா?"

"மொதல்லயே சொல்லியிருக்கணும். அடுத்த மாசத்துலேர்ந்து டபுள் டூட்டி பாக்க ஆரம்பிச்சிட்டாரு. ராத்திரியும் மைன்ஸு, பகல்லயும் பாதி நாள் வேற வேல. இந்த மெத்தைக்காக. அதுக்கப்பறம் எப்புடிடி சொல்றது?"

அவர் தூங்க வேண்டும் என்றுதான் நாங்கள் ஆரம்பித்தோம். இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கத்தையும் இத்தனை வருஷம் அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறோம். எனக்குப் பாயசம் கசந்தது.

அவரே என்னைத் தேடி வந்தார். முடி முழுக்க வெளுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. "வா பாப்பா, மேல வந்து பாரு" என்று படியேறினார். பின்னாலேயே நானும் தோழியும் போனோம். மெத்தையின் தெற்கு ஓரத்தில் பேனல் ஸ்டாண்டுக்காக நாலு நாலாக இரும்பு போல்ட்டுகள் தளத்தோடு சேர்த்துப் பதிக்கப்பட்டிருந்தன. துரு ஏறாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்.

"நீங்க அந்த அட்ட வூட்ல வெச்சிருந்த எடந்தான். கொத்தனாரு டேங்க்க இங்க வெக்கலாம்னாரு. வுடல நானு. நெழலு வுழும்னு எங்க பாப்பாங்க சொல்லிக் குடுத்துருக்காங்கன்னு சொல்லி அந்தப் பக்கம் வெக்கச் சொன்னேன். செரிதான?"

"சரிதான் அங்கிள்" என்றேன். தோழி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றாள்.

"அன்னிக்கு வந்தாரே அந்த சாரு, அவரு நம்பரு உங்க மிஸ்ஸுகிட்ட இருக்கும்ல? இப்ப மெத்தை போட்டாச்சுன்னு சொல்லு பாப்பா. வந்து பாக்கச் சொல்லு."

போட்டி முடிந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அந்த அறக்கட்டளை இப்போது இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் தலையாட்டினேன்.

"காலையிலயே வரச் சொல்லு" என்றார். "நைட்டு முடிச்சி வந்து நான் வூட்லதான் இருப்பேன். தூங்க மாட்டேன், முழிச்சிகினே இருக்கேன்."